மிக்-21 போயாச்சு, கையில் 29 ஸ்குவாட்ரன்: பதில் சொல்ல நமக்கு ஏன் இத்தனை வருஷம்?

காட்பாடி ஏர்மேன் | 2025 அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்துவிட்டார்கள். 1963-ல் வந்த விமானம். நேரடியாக வாங்கியது, இங்கேயே கட்டியது எல்லாம் சேர்த்து 870-க்கும் மேல் நம்மிடம் இருந்தன. நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். மிக்-21ல் இருந்த ஆர்-25 எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே பாதி சர்வீஸ் போனது. அதனால் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தபோது மனசு கனத்ததை மறைக்கப் போவதில்லை.

இந்த இழையை நான் தொடங்கியது வேறு விஷயத்துக்காக. அரசு அனுமதித்திருக்கும் எண்ணிக்கை 42 ஸ்குவாட்ரன். மிக் போனபிறகு இருப்பது 29. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானம் என்று வையுங்கள், பள்ளம் எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போடலாம். நம் பக்கம் டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கள் எல்லாம் "பாகிஸ்தான்கிட்ட எத்தனை, சீனாக்காரன்கிட்ட எத்தனை" என்று பேசுகிறார்கள். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஆண்டுகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் கொடுத்தது. 1962-ல் நாம் மிக்-21க்குக் கையெழுத்துப் போட்டோம், மறுவருஷம் விமானம் வந்துவிட்டது. அடுத்தது எஃப்-16. 1983 ஜனவரியில் முதல் விமானங்கள் பாகிஸ்தானில் இறங்கின. அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே 1982-ல் பிரான்சோடு மிராஜ் 2000 ஒப்பந்தம் போட்டாயிற்று, 1985-ல் குவாலியருக்கு வந்தன. 1987-ல் மிக்-29ம் வந்து சேர்ந்தது. அவர்கள் ஒன்று வாங்கினால் மூன்று, ஐந்து வருஷத்தில் நம் பதில் ஓடுதளத்தில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 126 விமானத்துக்கு 2007 ஆகஸ்டில் டெண்டர். ஆறு கம்பெனி வந்தது. 2012-ல் ரஃபேல் என்று முடிவு. 2015-ல் அந்த டெண்டரே போய், 36 மட்டும் என்று அறிவிப்பு. 2016 செப்டம்பரில் கையெழுத்து, 2020 ஜூலை 29-ல் முதல் ஐந்து விமானம் அம்பாலாவில் இறங்கியது. கடைசி விமானம் வரும்போது 2022 டிசம்பர். டெண்டர் விட்ட வருஷம் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

என் கருத்து இதுதான். ஆயுதப் போட்டியில் நாம் தோற்பது பணத்தாலும் இல்லை, ஆளாலும் இல்லை. பத்து, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், ஆதாரத்தோடு.

ஆம்பூர் தோல்காரன் | 2025 அக்டோபர் 4

ஐயா, நீங்கள் சொல்லும் காலக்கணக்கு சரி. காரணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். நான் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். போன சீசனுக்குக் கேட்ட ஷூவை இந்த சீசனில் அனுப்பினால் கன்டெய்னரோடு திரும்பி வரும். விலை எவ்வளவு குறைவாகப் போட்டிருந்தாலும் அதனால் பிரயோஜனம் கிடையாது.

126 விமான டெண்டர் எங்கே முட்டிக்கொண்டது என்று தேடிப் படித்தேன். 18 விமானம் பிரான்சில் கட்டி நேராகப் பறந்து வரும், மீதி 108 பெங்களூரில் நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் கட்டும் என்பது திட்டம். ஹெச்ஏஎல் கட்டும் 108க்கும் தரத்துக்கும் கெடுவுக்கும் ரஃபேலைச் செய்யும் டசோ கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும் என்று நாம் கேட்டோம். வேறொருவர் தொழிற்சாலையில் நடப்பதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்றார்கள் அவர்கள். ஒரு விமானம் கட்ட எத்தனை மனித உழைப்பு மணி ஆகும் என்பதிலும் இரண்டு தரப்புக் கணக்கும் ஒத்துவரவில்லை. அதிலேயே மூன்று வருஷம் போயிற்று.

இதை யார் குற்றம் என்று சொல்வதைவிட, டெண்டரிலேயே அந்தப் பிரச்சினை விதையாக இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வாங்குபவன் ஒருவன், விற்பவன் ஒருவன், கட்டுபவன் மூன்றாமவன். மூவருக்கும் நடுவில் பொறுப்பு யாருடையது என்று முதல் பக்கத்திலேயே எழுதாமல் ஆறு கம்பெனியின் விமானத்தையும் லே வரைக்கும் கொண்டுபோய்ச் சோதித்தோம். சோதனை மிக நன்றாக நடந்தது என்று எல்லா நாடும் பாராட்டியது. ஆனால் விமானம் வரவில்லை.

36 விமானத்துக்கு 7.87 பில்லியன் யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 59,000 கோடி ரூபாய். அதில் ஏவுகணை, உதிரிப்பாகம், பராமரிப்பு எல்லாம் அடக்கம். இந்த விலையை வைத்து எத்தனை அரசியல் நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-லும் 2019-லும் தீர்ப்பு வந்தது. அந்த நேரத்தில் 126-க்கும் 36-க்கும் நடுவே இருக்கும் 90 விமானம் எங்கே என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. 2018 ஏப்ரலில் சுமார் 110 விமானத்துக்குத் தகவல் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

சத்துவாச்சாரி டீச்சர் | 2025 அக்டோபர் 5

இரண்டு பேருமே விமானம் சீக்கிரம் வரவேண்டும் என்பதில் ஒத்துப்போகிறீர்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்வி இருக்கிறது.

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். கல்விக்குச் சுமார் 1.28 லட்சம் கோடி. சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பக்கம் பாருங்கள், பாகிஸ்தான் இந்த வருஷம் மொத்தச் செலவைச் சுமார் 7 சதவீதம் குறைத்துவிட்டு ராணுவத்துக்கு மட்டும் 20 சதவீதம் கூட்டி 2.55 லட்சம் கோடி பாகிஸ்தான் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஐஎம்எஃப் கடனில் நிற்கிற நாடு அது. அங்கேயும் ஒரு டீச்சர் கூரை ஒழுகும் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருப்பார்.

ஏர்மேன் ஐயா எழுதிய வரலாற்றையே நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஸ்டார்ஃபைட்டருக்கு மிக், எஃப்-16க்கு மிராஜ். அதோடு நின்றதா? 2020-ல் நமக்கு ரஃபேல் வந்தது. 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் உள்துறை அமைச்சரே ரஃபேலுக்குப் பதிலாகச் சீனாவின் ஜே-10சி வாங்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார், 2022 மார்ச்சில் அது படையில் சேர்ந்துவிட்டது. நம் பதில் சீக்கிரம் வந்தால் அவர்கள் பதிலும் சீக்கிரம் வரும். வேகம் கூடும், முடிவு எங்கே?

போர் வேண்டாம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவள் நான் இல்லை. நடைமுறையில் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். 1991 ஏப்ரல் 6-ல் இரண்டு நாடும் ஓர் ஒப்பந்தம் போட்டன: போர் விமானங்கள் மற்றவர் வான் எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது. 1988 டிசம்பர் 31-ல் போட்ட இன்னோர் ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் இரு நாடும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. 1992-ல் தொடங்கியது, கார்கில் வந்தது, மும்பை வந்தது, புல்வாமா வந்தது, ஒரு வருஷமும் நிற்கவில்லை. விமானம் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே, ஏன்?

கம்மவான்பேட்டை | 2025 அக்டோபர் 5

டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊரு பேரே ராணுவப்பேட்டைன்னுதான் சொல்லுவாங்க. வீட்டுக்கு வீடு ஆளு மிலிட்டரில இருக்காங்க, இல்லன்னா இருந்துட்டு வந்தவங்க. லாங் பஜார் மணிக்கூண்டுல பாத்திருப்பீங்க, முதல் உலகப் போருக்கு வேலூர்லருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் திரும்பலன்னு கல்லுல எழுதிக்கிது. யாரோ வெள்ளக்காரன் சண்டைக்கு நம்ம ஆளு போனாங்க. இன்னிக்கு நம்ம நாட்டுக்குப் போறாங்க. அவுங்க கையில இன்னா குடுக்கறோம்ன்றதுதான் எனக்குக் கேள்வி.

பட்ஜெட்டுன்னு சொன்னதும் டிவில உக்காந்துக்கினு எல்லாரும் பென்ஷன்மேல கை வைக்கிறாங்க. 6.81 லட்சம் கோடில 1.60 லட்சம் கோடி பென்ஷனுக்கே போவுது, அதான் விமானம் வாங்க முடியலன்றாங்க. எங்கப்பாவுக்கு வர்ற பென்ஷன்லதான் வூடு ஓடுது. சியாச்சின்ல நின்னவருக்குக் குடுக்கற காசும் விமானத்துக்குக் குடுக்கற காசும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு ஆக்கி வெச்சிருக்கறது நியாயமே இல்ல. இதுக்கு ஏர்மேன் சார் பதில் சொல்லணும்.

காட்பாடி ஏர்மேன் | 2025 அக்டோபர் 5

தம்பி, நானும் பென்ஷன் வாங்குகிறவன்தான், நேராகவே சொல்கிறேன். பென்ஷன் விமானத்தைத் தடுக்கவில்லை. இந்த வருஷம் மூன்று படைக்கும் சேர்த்துப் புதிய தளவாடம் வாங்க ஒதுக்கியது சுமார் 1.48 லட்சம் கோடி. ஒப்பந்தம் முடிந்து, பொருள் வந்து, பில் வந்தால்தானே பணம் வெளியே போகும்? கெடு தவறினால் தவணையும் தள்ளிப்போகும். ஒப்பந்தமே முடியாத இடத்தில் கூடுதலாகப் பணம் ஒதுக்கி என்ன ஆகப்போகிறது?

டீச்சருக்கு: 10 கிலோமீட்டர் ஒப்பந்தம் உண்மையிலேயே பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. எல்லைப்புறத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தத் தூரம் போட்டபோது இருந்த ஏவுகணை வேறு. இன்று நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து அடிக்கிறார்கள். எல்லையையே தாண்டாமல் சண்டை நடக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். அதுவரை கையில் விமானம் இருக்கட்டும்.

பாலாறு இன்ஜினியர் | 2025 அக்டோபர் 7

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். எல்லோரும் விமானத்தையே பேசுகிறீர்கள், எஞ்சினை யாரும் தொடவில்லை. ஏர்மேன் அண்ணா நீங்கள்கூட! நான் ஏரோநாட்டிகல் படித்தவன், இதில் எனக்கு ஆதங்கம் அதிகம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1961 ஜூன் 17-ல் இங்கேயே கட்டிய போர் விமானம் ஹெச்எஃப்-24 மாருத் பறந்தது. ஜெர்மானியர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து வடிவமைத்தார். ஒலியைவிட வேகமாகப் போகவேண்டிய உடல் அது. அதற்கென நினைத்து வைத்திருந்த ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை பிரிட்டனில் கைவிட்டுவிட்டார்கள், அதை முடிக்கப் பணம் போட நாமும் முன்வரவில்லை. பழைய, வலு குறைந்த ஆர்ஃபியஸையே இரண்டு போட்டு ஓட்டினோம். கடைசி வரை அந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவே இல்லை. 1971 போரில் லோங்கேவாலாப் பகுதியில் ஹண்டர் விமானங்கள் டாங்கிகளைத் துவம்சம் செய்த அதே போரில் மாருத்தும் நன்றாகவே உழைத்தது. இருந்தும் அடுத்த தலைமுறை வராமல் அதோடு போயிற்று.

அதே கதை மறுபடியும். உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸின் திட்டம் 1983-ல். அதற்குச் சொந்த எஞ்சின் காவேரி என்று 1989-ல் அனுமதி. இலக்கு 81 கிலோநியூட்டன் உந்துவிசை. எட்டவில்லை, எடையும் கூடிப்போனது. 2008-ல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்று தேஜஸில் இருப்பது அமெரிக்க ஜிஇ கம்பெனியின் எஃப்-404.

எஞ்சின் ஏன் இவ்வளவு கஷ்டம்? டர்பைன் பிளேடு உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். அதைச் சுற்றிப் போகும் வாயுவின் சூடு அந்த உலோகமே உருகும் சூட்டைவிட அதிகம். அதனால் பிளேடுக்குள் மெல்லிய துளைகள் போட்டுக் காற்றை ஓட விடுகிறார்கள். முழு பிளேடையும் ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள். இதைப் புத்தகத்தில் படித்து ஒரு பிளேடு செய்துவிடலாம். ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கும்படி செய்வதற்குத் தலைமுறை தலைமுறையாக வார்ப்புப் பட்டறையில் நிற்க வேண்டும். அந்த அறிவை விலைக்கும் யாரும் விற்பதில்லை. போதாக்குறைக்கு, பறக்கும் நிலையில் சோதிக்க காவேரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்கான வசதி நம்மிடம் இல்லை.

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். பாகிஸ்தான் "சொந்த விமானம்" என்று சொல்லும் ஜேஎஃப்-17 பறப்பது ரஷ்ய ஆர்டி-93 எஞ்சினில், நம் மிக்-29ல் இருப்பதன் உடன்பிறப்பு. சீனாவும் ஜே-10, ஜே-20 இரண்டுக்கும் ஆரம்பத்தில் ரஷ்ய ஏஎல்-31ஐத்தான் நம்பியது. ஆனால் அவர்கள் சொந்த டபிள்யூஎஸ்-10 எஞ்சினை விடவில்லை. கெட்டுப்போனாலும், திரும்பத் திரும்பத் தோற்றாலும் பணம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று ஜே-20 அவர்கள் எஞ்சினில் பறக்கிறது. நாம் 2008-ல் கையை உதறினோம். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று. 1998 பொக்ரான் அணு சோதனைக்குப் பிறகு தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பெங்களூருக்கு வந்து அதை முழுதாக இங்கேயே எழுதி முடித்தார்கள், 2001 ஜனவரி 4-ல் விமானம் பறந்தது. 1990-ல் பாகிஸ்தானுக்கும் இதே கதிதான். காசு கட்டிய எஃப்-16கள் அணு ஆயுத முயற்சியைக் காரணம் காட்டி விற்பனையை நிறுத்திய அமெரிக்காவின் பிரஸ்லர் சட்டத்தால் அரிசோனா பாலைவனத்தில் நின்றன. விற்பவன் நினைத்தால் நிறுத்துவான், இந்தியாவாக இருந்தாலும் பாகிஸ்தானாக இருந்தாலும்.

83 தேஜஸ் மார்க் 1ஏ-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம். அதற்கான 99 எஞ்சினுக்கு அதே வருஷம் ஆர்டர். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். உடல் கட்டி எஞ்சினுக்காகக் காத்திருந்தார்கள். ஏர்மேன் அண்ணாவின் "ஏன் தாமதம்" என்ற கேள்விக்கு என் பதில் இது.

ஆம்பூர் தோல்காரன் | 2025 அக்டோபர் 7

அருமையான பதிவு தம்பி. ஒரு வேதனையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தையும் சேர்த்தார்கள். வேலூரும் ராணிப்பேட்டையும் சென்னை, பெங்களூர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலையை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகளில் கனரக வெல்டிங், ஃபேப்ரிகேஷன் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர்! ஆர்டர் இல்லாமல் பாதி ஷிஃப்ட் ஓடுகிறது. நம் பக்கம் ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்ப மட்டும்தானா?

அரக்கோணம் ரயிலடி | 2025 அக்டோபர் 8

ஃபைட்டர் பற்றி மட்டும் பேசுவதால் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் ஐஎன்எஸ் ராஜாளி 1992-ல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். டியு-142 என்ற பெரிய ரஷ்ய விமானம் எங்கள் தலைக்கு மேல் பறந்த சத்தம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் அதற்கு நாலு வருஷம் முன்பே, 2013-லேயே, நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானம் வந்துவிட்டது. 2009-ல் ஒப்பந்தம், நாலு வருஷத்தில் விமானம். பழையது போகும் முன் புதியது நிற்கிறது.

சீனாவிடம் பாகிஸ்தான் எட்டு ஹாங்கோர் நீர்மூழ்கிகள் வாங்குகிறது, நாலு அங்கே, நாலு கராச்சியில். அதைத் தேட வேண்டியது இந்த பி-8ஐதான். கடற்படையால் முடிந்தது விமானப்படைக்கு ஏன் முடியவில்லை என்று ஏர்மேன் ஐயா யோசிக்க வேண்டும். 2009-ல் கடற்படை எட்டுதான் கேட்டது, இங்கே கட்டித்தர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாலாஜா வாசகன் | 2025 அக்டோபர் 8

எல்லாம் இருக்கட்டும். மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினார்கள்? அதைச் சொல்லாமல் என்ன விவாதம்?

காட்பாடி ஏர்மேன் | 2025 அக்டோபர் 8

வாசகரே, வாட்ஸ்அப்பில் ஓடும் எண்ணை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னது இவ்வளவு: மே 31-ல் சிங்கப்பூரில் முப்படைத் தளபதி ஜெனரல் அனில் சவுகான் நமக்கு விமான இழப்பு இருந்தது என்று ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. இழப்பைவிட அது ஏன் நடந்தது என்பதே முக்கியம், கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு மறுபடி பறந்தோம் என்றார். ஆகஸ்ட் 9-ல் பெங்களூரில் விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் ஒரு பெரிய விமானத்தையும் வீழ்த்தினோம் என்றார். பாகிஸ்தான் அதை மறுக்கிறது, அவர்கள் வேறு எண் சொல்கிறார்கள். பறந்து போனவர்களின் வீட்டில் இருந்து யோசித்தால், ஸ்கோர் போர்டு மாதிரி இதைப் பேச மனசு வராது.

டெக்னிக்கலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜே-10சி தனியாக வரவில்லை. அதோடு பிஎல்-15 என்ற நீண்ட தூர ஏவுகணை வந்தது, வானிலிருந்தே கண்காணிக்கும் ரேடார் விமானம் வந்தது, இவற்றை இணைக்கும் தகவல் தொடர்பும் வந்தது. சுவீடன்காரன் விற்ற ரேடார் விமானமும் சீனாக்காரன் விற்ற ஏவுகணையும் ஒரே வலையில் பேசிக்கொள்கின்றன. நம்மிடம் ரஷ்ய சுகோய், பிரெஞ்சு ரஃபேலும் மிராஜும், பிரிட்டிஷ் வழி வந்த ஜாகுவார், சொந்தத் தேஜஸ் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பேர், தனி டெஸ்ட் பெஞ்ச், தனிப் பயிற்சி. ஸ்டோரில் ஒரு சின்னப் பம்ப் இல்லாமல் விமானம் ஏஓஜி, அதாவது பறக்க முடியாமல் தரையில், என்று நிற்கும். பக்கத்தில் நிற்பதில் கழற்றி இதில் பூட்டுவோம், அப்புறம் அது நிற்கும். கணக்கில் ஒரு ஸ்குவாட்ரன் என்று இருந்தாலும் காலையில் ஹேங்கரை விட்டு வெளியே வருவது எத்தனை என்பதுதான் நிஜம். ரஃபேல் ஒப்பந்தத்தில் 75 சதவீத விமானம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியதை அதனால்தான் நான் பெரிய வெற்றியாக நினைக்கிறேன். விலையைப் பற்றிப் பேசிய யாரும் அந்த வரியைப் பேசவில்லை.

ஆரணி பையன் | 2025 அக்டோபர் 9

வணக்கம் ஐயா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன். விமானப்படையில் நாலு வருஷ வேலைக்கான அக்னிவீர் வாயு தேர்வுக்குப் படிக்கிறேன். 2019-ல் மிக்-21ல் போய் பாகிஸ்தானிடம் பிடிபட்டுத் திரும்பிய அபிநந்தன் சாரின் குடும்பம் எங்கள் பக்கத்துத் திருப்பணமூர்தான், அவரைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. சேர்ந்தால் ரஃபேல், தேஜஸ் மாதிரி விமானத்தில் வேலை கொடுப்பார்களா? நாலு வருஷம்தான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

காட்பாடி ஏர்மேன் | 2025 அக்டோபர் 9

தம்பி, முதலில் வாழ்த்து. கணக்கும் இயற்பியலும் ஆங்கிலமும் விடாமல் படி. பெலகாவியில் அடிப்படைப் பயிற்சி. பிறகு உனக்குக் கிடைக்கும் டிரேடை, அதாவது வேலைப் பிரிவை, பொறுத்துத்தான் எந்த விமானம் என்பது. அதை யாராலும் இப்போது உறுதி சொல்ல முடியாது.

வீட்டில் பயப்படுவது நியாயம். நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். ஆகவே சேர்ந்த நாளிலிருந்தே டிப்ளமோவோ பட்டமோ தபால் வழியில் எழுதிக்கொண்டே வா. பட்டாளத்தை விட்டு வந்தபின் அதுதான் கை கொடுக்கும்.

மற்றவர்களுக்காக இதையும் சொல்கிறேன். நான் எஞ்சினைத் தனியாக நம்பி விடும் நிலைக்கு வர முதல் சில வருஷம் முழுக்க ஒரு வாரண்ட் ஆபீசர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். சத்தத்தை வைத்து, எண்ணெயின் நிறத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லத் தெரிய வேண்டும். பல்லாயிரம் கோடிக்கு விமானம் வாங்கிவிட்டு, அதைத் தொடுகிறவன் கை பழகும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. டெக்னிக்கல் டிரேடுகளில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் விகிதத்தைக் கூட்ட வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன்.

கம்மவான்பேட்டை | 2025 அக்டோபர் 9

ஏர்மேன் சார் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க ஊருல பசங்க ஓடிக்கினு இருந்த கிரவுண்டு இப்ப காலையில பாதிதான் நெரம்புது.

சத்துவாச்சாரி டீச்சர் | 2025 அக்டோபர் 10

ஆரணித் தம்பிக்கு என் வாழ்த்தும். இங்கே எழுதியதைப் படித்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. இன்ஜினியர் தம்பி சொன்ன டர்பைன் பிளேடு பள்ளி ஆய்வகத்தில் தொடங்குகிறது. என் மாணவர்களுக்கு உலோகத்தின் உருகுநிலையைக் காட்ட ஒழுங்கான அடுப்பு கிடையாது. சீனா எஞ்சினில் விடாமல் பணம் போட்டது என்றீர்கள், கல்லூரிகளிலும் விடாமல் பணம் போட்டது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகையால் கல்விக்கு ஒதுக்குவதைப் பாதுகாப்புக்கு எதிரான செலவு என்று நான் இனி ஒப்பிட மாட்டேன், அதைப் பாதுகாப்பின் முதல் தவணை என்றே கேட்பேன்.

ஆனால் பேச்சுவார்த்தை பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஏவுகணையின் தூரம் கூடியிருந்தால் 10 கிலோமீட்டர் என்பதையும் கூட்டிப் பேச வேண்டும். அதற்கு யார் முதலில் கடிதம் எழுதுவது என்பதில் இரண்டு தலைநகரத்திலும் யாருக்கும் துணிச்சல் இல்லை. 1988-லும் 1991-லும் இருந்தது.

பாலாறு இன்ஜினியர் | 2025 நவம்பர் 23

இழையை மேலே கொண்டுவருகிறேன். நாம் பேசிய பிறகு மூன்று விஷயம் நடந்திருக்கிறது.

அக்டோபர் 17-ல் நாசிக்கில் கட்டிய முதல் தேஜஸ் மார்க் 1ஏ பறந்தது. நவம்பர் 7-ல் ஜிஇ கம்பெனியோடு மேலும் 113 எஃப்-404 எஞ்சினுக்கு ஹெச்ஏஎல் கையெழுத்துப் போட்டது, 2027 முதல் 2032 வரை வரும். செப்டம்பர் 25-ல் 62,370 கோடிக்கு ஆர்டர் போட்ட 97 விமானத்துக்கானவை அவை.

மூன்றாவது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று முன்தினம் துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார். கோவை சூலூர் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். அவருக்கு என் அஞ்சலி. விசாரணை முடியும் முன் அதை வைத்துத் தேஜஸே வேண்டாம் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். 2001-ல் பறக்கத் தொடங்கிய விமானம், முதல் விபத்து 2024 மார்ச்சில் ஜெய்சல்மேரில், அதில் விமானி தப்பினார். இது இரண்டாவது. இதற்காகக் காவேரியைக் கைவிட்ட மாதிரி இதையும் கைவிட்டால் மாருத்தில் தொடங்கிய கதை மூன்றாவது முறை நடக்கும்.

காட்பாடி ஏர்மேன் | 2025 நவம்பர் 23

விமானிக்கு என் சல்யூட். அன்று காலை அந்த விமானத்தைத் தயார் செய்து அனுப்பிய கிரவுண்ட் குரூவை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் ஒவ்வொரு நட்டையும் மனசுக்குள் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்ஜினியர் தம்பி கொடுத்த எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். 83-ம் 97-ம் 180 விமானம். 99-ம் 113-ம் 212 எஞ்சின். மாற்று எஞ்சின் 32 கையில் இருக்கும். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு இது ரொம்பத் தாராளம் இல்லை, ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துச் சீரமைக்க, போவது திரும்பிவர எத்தனை மாதம் என்பதைப் பொறுத்தது எல்லாம். அந்த ஓவர்ஹால் வசதி இங்கேயே, முதல் ஸ்குவாட்ரன் வரும்போதே தயாராக இருக்க வேண்டும். ஆர்-25க்கு ஒடிசாவின் கோராபுட்டில் அது இருந்ததால்தான் மிக்-21 அத்தனை வருஷம் ஓடியது.

ஆம்பூர் அண்ணன் கேட்ட ராணிப்பேட்டைப் பட்டறைகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. எஞ்சின் ஸ்டாண்டு, டிராலி, டெஸ்ட் பெட் ஃபிக்சர் எல்லாம் ஃபேப்ரிகேஷன் வேலைதான். பட்டறை வைத்திருப்பவர்கள் உங்கள் மெஷின் விவரத்தையும் வெல்டர்களின் தகுதிச் சான்று விவரத்தையும் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஹெச்ஏஎல் வெண்டார் பதிவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அந்த வேலையில் இருந்த என் பழைய நண்பர்களிடம் கேட்டு வரிசையாகப் போடுகிறேன்.